206-ஆம் அறையும் ஒரு குங்கும டப்பாவும்

ஐந்துக்கு ஒரு நட்சத்திரம். அந்த ஒன்றும் சமையல்காரருக்கு. சனிக்கிழமை காலை இட்லிக்கு அவர் கொடுத்த கடப்பா (பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு) அருமையாக இருந்தது. பாதி ராத்திரிக்கு மேல் கண்மூடாத மூன்று பேருக்கே அப்படி ருசித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் கும்பகோணம். மகாமகக் குளத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள, லிஃப்ட்டும் ஏசியும் வாசலில் இரண்டு போன்சாய் தொட்டியும் வைத்த ஹோட்டல். பெயரை இங்கே போடவில்லை. புகார் ஒன்று பதிவாகியிருக்கிறது, அது முடியட்டும்.

நாங்கள் ராஜபாளையம். நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. இந்த விவரம் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் தேவைப்படும். என் மாமியாருக்கு 72 வயது. நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் ஒரே யாத்திரையில் பார்க்க வேண்டும் என்று நாலைந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தை மாதக் கடைசியில், வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டு, செங்கோட்டை - மயிலாடுதுறை ரயிலில் கிளம்பினோம். அறை வாடகை 2,400 ரூபாய், மூன்றாவது ஆளுக்கு எக்ஸ்ட்ரா பெட் 500, ஜி.எஸ்.டி. 5 சதவீதம். ஒரு ராத்திரிக்கு 3,045 வீதம் இரண்டு ராத்திரிக்கு 6,090 ரூபாயை உள்ளே நுழையும்போதே வாங்கிக்கொண்டார்கள். இரண்டாவது மாடி, 206. வெள்ளை விரிப்பு, வெந்நீர் எல்லாம் இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். அன்று சாயங்காலம் சாரங்கபாணி கோயிலுக்குப் போய்விட்டு வந்து, ஒன்பதரைக்கெல்லாம் படுத்துவிட்டோம். காலை ஏழு மணிக்குக் கார் சொல்லியிருந்தது.

இரண்டே முக்கால் மணி இருக்கும். அத்தை என் தோளைத் தட்டினார். "ஏம்மா, எந்திரி. மூட்டைப்பூச்சி கடிக்கிற மாதிரி இருக்கு."

"ஏசி ரூம்ல ஏதுத்தை மூட்டைப்பூச்சி, கொசுவா இருக்கும்" என்று தூக்கத்திலேயே சொன்னேன். அதே வாக்கியத்தை ஆறு மணி நேரம் கழித்து மேனேஜர் என்னிடம் சொல்லப்போகிறார் என்று அப்போது தெரியாது.

லைட்டைப் போட்டால் அத்தையின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வரிசையாகத் தடிப்பு. கொசு இப்படி வரிசை கட்டிக் கடிக்காது. தலையணையை நகர்த்தினேன். விரிப்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ரத்தக்கறை. அத்தை புரண்டு படுத்ததில் ஏதோ நசுங்கியிருக்கிறது. விரிப்பை உருவிவிட்டு, போன் டார்ச்சை மெத்தையின் ஓரத் தையலில் அடித்தேன்.

வகுப்பில் பாடம் எடுக்கும்போது நான் வரைந்து காட்டுகிற எல்லாமே அங்கே இருந்தன. பேனா முனையால் குத்திவைத்த மாதிரி கறுப்புப் புள்ளிகள், அவை செரித்த ரத்தத்தின் கழிவு. வெங்காயச் சருகு போல உரித்துப்போட்ட தோல்கள். தையல் மடிப்புக்குள் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் வெள்ளையாக முட்டைகள். நடுவே ஆப்பிள் விதை அளவில் தட்டையான, செம்பழுப்பு நிறப் பெரியது ஒன்று, சாவகாசமாக நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கடுகு மாதிரி இரண்டு குஞ்சுகள், குடித்த ரத்தம் வயிற்றில் சிவப்பாகத் தெரிந்தது. அது யாருடைய ரத்தம் என்று கேட்க வேண்டியதில்லை.

சாரங்கபாணி கோயில் வாசலில் வாங்கிய குங்கும டப்பா கைப்பையில் இருந்தது. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் மூடி போட்டது. குங்குமத்தைக் காகிதத்தில் கொட்டி மடித்துவிட்டு, மூன்றையும் டப்பாவுக்குள் தள்ளி மூடினேன். அத்தை தலையில் அடித்துக்கொண்டார். குங்கும டப்பாவில் போய் இதைப் பிடித்துப் போடுவாளா என்று. அப்படியே மெத்தையை, விரிப்பை, தலைமாட்டுப் பலகையின் இடுக்கை எல்லாம் போட்டோ எடுத்தேன்.

கீழே ரிசப்ஷனில் இருந்த பையன் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தான். பாவம், இருபது வயதுகூட இருக்காது. டப்பாவைக் காட்டினதும் முகம் மாறியது. எறும்பு, வண்டு என்றெல்லாம் அவன் சொல்லவில்லை. "மேனேஜருக்கு போன் போடுறேன் மேடம்" என்றான். நாலு தடவை அடித்தான், யாரும் எடுக்கவில்லை. வேறு அறை கேட்டேன். "ஃபுல் மேடம்." அவன் தலைக்குப் பின்னால் சாவி மாட்டுகிற பலகையில் ஏழு சாவி தொங்கியது. எண்ணிவிட்டுத்தான் கேட்டேன். "அதெல்லாம் ஆன்லைன் புக்கிங் மேடம், மேனேஜர் சொல்லாம தர முடியாது" என்றான். மூன்று பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் கொண்டுவந்து வராந்தாவில் போட்டுக் கொடுத்தான். அந்த ஹோட்டலில் எங்களுக்குக் கிடைத்த ஒரே நிவாரணம் அதுதான்.

விடியும் வரை அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். சிவன் கைலாசத்துக்கும் பெருமாள் பாற்கடலுக்கும் படுக்கப் போனது மூட்டைப்பூச்சிக்குப் பயந்துதான் என்று ஒரு பழைய வேடிக்கை உண்டு. என் வீட்டுக்காரர் அதை நீட்டினார். சாரங்கபாணி இங்கே பாதி எழுந்த கோலத்தில் இருப்பது திருமழிசை ஆழ்வார் கேட்டுக்கொண்டதற்காக இல்லை, கடி தாங்காமல்தான் என்றார். அத்தை அவரை முறைத்த முறைப்பில் அப்புறம் ஐந்தரை வரை யாரும் பேசவில்லை. காலையில் தெருமுனைக் கடையில் டிகிரி காபி குடித்த பிறகுதான் மூன்று பேருக்கும் குரல் வந்தது.

இந்த இடத்தில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூட்டைப்பூச்சி இருந்ததற்காக நான் ஒரு நட்சத்திரம் கொடுக்கவில்லை. எங்கள் ஆச்சி வீட்டில் கயிற்றுக் கட்டிலை முற்றத்தில் சாய்த்து, சட்டத்து இடுக்கில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். டி.டி.டி. பூச்சிமருந்து வந்த பிறகு உலகம் முழுக்கவே குறைந்திருந்த இந்தப் பூச்சி, மருந்துக்குப் பழகிக்கொண்டு, பயணிகளின் பெட்டியோடு பெட்டியாக மறுபடி கிளம்பிவிட்டது. 2023-இல் பாரீஸ் நகரமே இதனால் அல்லாடியது. ஒரு நாளைக்கு நூறு பேர் வந்து படுத்துவிட்டுப் போகிற இடத்தில் யாரோ ஒருவர் பெட்டியில் கொண்டுவரத்தான் செய்வார். அழுக்கான இடத்தில்தான் வரும் என்பதும் இல்லை. அதற்குத் தேவை ரத்தமும் ஒளிந்துகொள்ள ஒரு இடுக்கும், அவ்வளவுதான். நோய் எதையும் பரப்புவதாகவும் நிரூபணமில்லை. அதனால் மேனேஜர் வந்து, "மன்னிச்சுக்கங்கம்மா, இந்த ரூமைப் பூட்டிடுறோம், உங்களுக்கு வேற மாடியில ரூம் தர்றோம், துணியை வெந்நீர்ல துவைச்சுத் தர்றோம்" என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

அவர் வந்தது ஒன்பதே கால் மணிக்கு. நெற்றியில் புதுசாக விபூதி, சட்டைப் பையில் இரண்டு பேனா. டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எறும்பும்மா. சிவப்பெறும்பு."

எறும்புக்கு இடுப்பு உண்டு என்றேன். அவர் மறுபடி பார்த்தார்.

"அப்ப ஏதாவது வண்டா இருக்கும். ஜன்னலைத் திறந்து வெச்சிருந்தீங்களா?"

வண்டுக்கு இறக்கை உண்டு, இதற்குப் பறக்க இறக்கை கிடையாது என்றேன். என் வீட்டுக்காரர் மெதுவாக, "சார், அவங்க ஜுவாலஜி டீச்சர்" என்றார். சொல்லியிருக்கக் கூடாது. அதுவரை சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவர் அதற்குப் பிறகு விறைத்துக்கொண்டார். ஏசி அறையில் மூட்டைப்பூச்சி வராது என்றார். பத்து வருடமாக ஹோட்டல் நடக்கிறது, ஒரு புகார் வந்ததில்லை என்றார். பெஸ்ட் கண்ட்ரோல் மாதாமாதம் நடக்கிறது என்று ஒரு ஃபைலைத் தூக்கிப் போட்டார். பிரித்துப் பார்த்தேன். எல்லா பில்லிலும் "கிச்சன், கரப்பான் ஜெல்" என்றுதான் இருந்தது. இதைச் சுட்டிக் காட்டியதும்தான் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"ட்ரெயின்லதானே வந்தீங்க? உங்க பையிலருந்துதான் வந்திருக்கும். இப்ப எங்க மெத்தையெல்லாம் நாங்க செக் பண்ணணும்."

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவேன். அதுதான் நடந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு உள்ளே வந்தோம், இரண்டே முக்காலுக்குப் பிடித்தோம், நடுவில் பத்து மணி நேரம்கூட இல்லை. இந்தப் பூச்சியின் முட்டை பொரிக்கவே ஆறிலிருந்து பத்து நாள் ஆகும். பொரித்த குஞ்சு பெரிதாவதற்குள் ஐந்து தடவை தோலுரிக்கும், ஒவ்வொரு தடவைக்கும் முன்னால் ஒரு முறையாவது ரத்தம் குடித்தாக வேண்டும். உங்கள் மெத்தைத் தையலில் முட்டையும் இருக்கிறது, குஞ்சும் இருக்கிறது, உரித்த தோலும் இருக்கிறது, பெரியதும் இருக்கிறது. எங்கள் பையிலிருந்து இறங்கின பூச்சி பத்து மணி நேரத்தில் குடும்பம் நடத்தி, பிள்ளை பெற்று, அது தோலும் உரித்திருக்க முடியுமா? 206-இல் எங்களுக்கு முன்னால் குறைந்தது ஒரு மாதமாக அவை குடியிருக்கின்றன. வாடகை கொடுத்துப் படுத்தவர்கள் எல்லோரும் அவற்றுக்குச் சாப்பாடு போட்டிருக்கிறார்கள்.

செக்-அவுட் செய்ய நின்ற இரண்டு குடும்பங்கள் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தன. அதில் ஒரு அம்மா தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் மேனேஜர், "ஈவினிங் நீங்க வர்றதுக்குள்ள ட்ரீட்மெண்ட் பண்ணி, ரூம் மாத்தி வெச்சிடுறேன், நீங்க கோயிலுக்குக் கிளம்புங்கம்மா" என்று எங்களை வாசலைப் பார்த்துத் தள்ளாத குறையாக அனுப்பினார்.

நாங்கள் கிளம்பியபோது பத்தே முக்கால். ஏழு மணிக்கு வரச் சொன்ன கார் வாசலில் நின்றுகொண்டே இருந்தது. அன்று சனிக்கிழமை. ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். அந்த நேரத்தில் திருநாகேஸ்வரத்தில் ராகுவுக்குப் பாலாபிஷேகம் பார்க்க வேண்டும், பால் நீலமாக மாறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் அத்தையின் ஆசை. அந்த ராகு காலம் முழுவதும் ரிசப்ஷனில் எறும்பா வண்டா என்று போனது. சூரியனார் கோயிலைப் பார்த்துவிட்டு ஓடினால், கஞ்சனூரில் நடை சாத்தியிருந்தார்கள். கஞ்சனூர் சுக்கிரனுடைய தலம். சுக சௌகரியம், நல்ல படுக்கை இதெல்லாம் சுக்கிரன் கொடுப்பது என்பார்கள். அன்றைக்கு அவரும் எங்கள் முகத்தில் கதவைச் சாத்திவிட்டார். நாலு மணிக்குத் திறக்கும் வரை புளிய மரத்தடியில் காரிலேயே கிடந்து, அவரைப் பார்த்து, பிறகு திருநாகேஸ்வரமும் பார்த்தோம். அன்றைய திட்டத்தில் இருந்த ஐந்தில் சந்திரனுடைய திங்களூரும் குருவுடைய ஆலங்குடியும் விட்டுப்போயின. ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்கெனவே நாலு கோயில், ராத்திரியே பஸ். நவக்கிரக யாத்திரை ஏழு கிரக யாத்திரையாகிவிட்டது.

ஏழே கால் மணிக்குத் திரும்பினோம். ட்ரீட்மெண்ட் என்னவென்று வராந்தாவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. 206-இல் கொசு மருந்து ஸ்பிரேயும் அதன் மேல் மல்லிகை வாசனை ரூம் ஸ்பிரேயும் அடித்து, புது விரிப்பு போட்டிருந்தார்கள். மெத்தை அதே மெத்தை. மூட்டைப்பூச்சி பகலில் மெத்தை மேல் வந்து உட்கார்ந்திருக்காது. தையலிலும் பலகை இடுக்கிலும் ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னாலும் இருக்கும். காற்றில் அடிக்கிற மருந்து முட்டையைத் தொடக்கூடத் தொடாது. எங்களை மாற்றிய அறை எது என்று நினைக்கிறீர்கள்? 207. நடுவில் ஒரே சுவர், அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் முதுகோடு முதுகாக இரண்டு கட்டில்களின் தலைமாடு. எங்களிடம் கேட்காமலே எங்கள் பைகளையும் 206-இலிருந்து தூக்கி வந்து, 207-இன் கட்டில் மேலேயே அடுக்கியிருந்தார்கள்.

நான் உட்காரவில்லை. டார்ச்சை எடுத்துத் தலைமாட்டுப் பலகையின் பின்பக்கம் அடித்தேன். இரண்டு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. நாலாவதும் டப்பாவுக்குள் போனது.

கிளம்பிவிட முடிவு செய்தோம். இரண்டாவது ராத்திரிப் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, செக்-அவுட் நேரம் 12 மணி, அது தாண்டிவிட்டதால் முழு நாள் கணக்கு என்றார் மேனேஜர். அந்த 12 மணிக்கு நாங்கள் இவர் வாக்கை நம்பிக் கஞ்சனூர் வழியில் இருந்தோம். அதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே ரூம் பாய் ஒருவர் மடித்த விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். மேனேஜர் ஒரு சீட்டைக் கிழித்து என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். "பெட்ஷீட் கறை, 350 ரூபாய்."

என் வீட்டுக்காரர் அதிர்ந்து பேசாத மனுஷர். அவர் சீட்டைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பேச்சும் வரவில்லை. அதுவரை சோபாவில் உட்கார்ந்து முழங்கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்த அத்தை எழுந்து வந்தார். விரிப்பைப் பிரித்துக் கறையை மேலே வைத்தார்.

"தம்பி, இது என் ரத்தம். உங்க வீட்டுப் பூச்சி குடிச்சது. நியாயமா நீங்கதான் எனக்குக் காசு தரணும்."

சீட்டு மேஜை இழுப்பறைக்குள் போய்விட்டது. 3,045 மட்டும் வரவில்லை.

இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன லாட்ஜ். ஏசி கிடையாது, லிஃப்ட் கிடையாது, 1,400 ரூபாய். உள்ளே நுழைவதற்கு முன்னாலேயே அந்த அம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன்: மூட்டைப்பூச்சி இருந்த இடத்திலிருந்து வருகிறோம், எங்கள் பையில் இருக்கலாம், வேண்டாம் என்றால் போய்விடுகிறோம். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். உள்ளே போய் மூன்று பெரிய கறுப்புக் குப்பைக் கவர் எடுத்து வந்தார். "பையெல்லாம் இதுல போட்டு இறுக்கிக் கட்டி மொட்டை மாடியில வெச்சிடுங்க. மாத்துத் துணி மட்டும் ஒண்ணு எடுத்துக்கங்க, அதையும் உதறிட்டு" என்றார். கட்டியிருந்த துணிகளை ஒரு பக்கெட்டில் போட வைத்து, கொதிக்கிற வெந்நீரை ஊற்றி மூடினார். வெப்பம்தான் அதற்கு எமன், 50 டிகிரியைத் தாண்டினால் முட்டை உட்பட எதுவும் பிழைக்காது. என் பாடப் புத்தகம் திறக்காமலே அவருக்கு அது தெரிந்திருந்தது. "எங்களுக்கும் நாலு வருஷம் முன்னாடி வந்துச்சும்மா. ரெண்டு ரூமை ஒரு மாசம் பூட்டி வெச்சு, மெத்தையை எரிச்சு, கட்டிலைக் கழட்டி மருந்தடிச்சுதான் போச்சு. மருந்தையும் ஒரு தடவையோட விடல, முட்டை பொரிக்கும்னு மறுபடி அடிச்சோம்" என்றார். ஒளிக்கவும் இல்லை, பெரிதுபடுத்தவும் இல்லை. அந்தக் கட்டிலையும் நான் டார்ச் அடித்துத்தான் பார்த்தேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, அவரே மெத்தையைத் தூக்கிப் பிடித்தார்.

ஊர் திரும்பிய நாலாவது நாள்தான் எனக்குக் கடித்த தடம் எழும்பியது. சிலருக்கு அப்படித் தாமதமாகத்தான் வரும். அன்றைக்கே அந்த மேனேஜரிடமிருந்து போன். போட்டோக்களை அழித்துவிட்டால் ஆயிரம் ரூபாய் "குட்வில்லா" அனுப்புகிறாராம். ஆயிரத்துக்கு நான் எதை அழிக்க வேண்டும், பூச்சி இருந்ததையா, நான் பார்த்ததையா என்று கேட்டேன். "நீங்க டீச்சர், உங்ககிட்ட பேச முடியாது" என்று வைத்துவிட்டார்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே சமரசத்துக்குத்தான் வழி, தீர்ப்பு கிடையாது. சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், இரண்டு வருடம் அவகாசம், 5 லட்சத்துக்கு உட்பட்ட விவகாரத்துக்குக் கட்டணமும் இல்லை. பில், போட்டோ, 350 ரூபாய்ச் சீட்டை வீட்டுக்காரர் போனில் பிடித்துவைத்த படம் எல்லாம் ஒரு கவரில் இருக்கின்றன.

கும்பகோணம் போகிறவர்களுக்கு: எந்த ஹோட்டலானாலும் அறைக்குள் போனதும் பையைக் கட்டில் மேல் வைக்காதீர்கள், தரையில் ஈரமில்லாத இடமாகப் பார்த்து, முடிந்தால் குளியலறை ஓரமாக வையுங்கள். விரிப்பின் நாலு மூலையையும் தூக்கித் தையலைப் பாருங்கள், தலைமாட்டுப் பலகையின் பின்னால் டார்ச் அடியுங்கள். மூன்று நிமிட வேலை. குருவும் சந்திரனும் பாக்கி இருப்பதால் நாங்களும் மறுபடி அந்த ஊருக்குப் போகத்தான் வேண்டும். அந்தக் கறுப்புக் கவர் அம்மாவிடம் அத்தையே போன் போட்டுச் சித்திரைக்கு அறை சொல்லிவிட்டார்.

நாலு பூச்சிகளும் இப்போது எங்கள் பள்ளி ஆய்வகத்தில், மூன்றாவது அலமாரியில், ஸ்பிரிட் ஊற்றிய சின்னக் குப்பியில் இருக்கின்றன. வளர்ந்தது இரண்டு, குஞ்சு இரண்டு. சேகரித்த இடம் என்ற கட்டத்தில் "கும்பகோணம், அறை 206, 207" என்று பிளஸ் டூ பிள்ளை ஒருத்தி அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். அதன் கீழே, "எறும்பு அல்ல" என்று நான்தான் சேர்த்தேன்.